சிறுநீரகம் தளர்ந்தவருக்கு எத்தனை மில்லிகிராம்?

திண்டுக்கல் நகரத்தில் எந்த மருந்துக் கடையில் கேட்டாலும் கொழுப்பு மாத்திரை கிடைக்கும். ஸ்டாட்டின் என்ற மருந்துக் குடும்பத்தில் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று இரண்டு வகை. ஒவ்வொன்றிலும் 10, 20, 40 என்று அளவுகள். வாங்க வருபவரின் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பது லேப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அதே ரிப்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் இருக்கிறது. அந்த இரண்டாவது எண்ணுக்கும் இந்த மாத்திரைக்கும் உள்ள தொடர்பு, கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவின் அவசரத்தில் எளிதாக விடுபட்டுப்போகிறது. சிறுநீரக நோய் உள்ளவருக்கு எந்த ஸ்டாட்டின், எவ்வளவு, எந்தக் கட்டத்தில் என்பதை முதலில் அவருடைய சிறுநீரகத்தின் நிலையை வைத்தும், பிறகே கொழுப்பின் அளவை வைத்தும் முடிவுசெய்ய வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அப்படிப் பார்த்தால் நம் பகுதி நோயாளிகளில் பெரும்பாலோருக்கு உரியது, சீக்கிரமே தொடங்கி நிறுத்தாமல் கொடுக்கப்படும் நடுத்தர அளவு அட்டோர்வாஸ்டாட்டின்தான் என்ற முடிவுக்கே ஆய்வுகள் நம்மைக் கொண்டுசெல்கின்றன.

இந்தக் கேள்வி திண்டுக்கல் சமவெளிக்கு ஏன் முக்கியம்? 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 14.4 சதவீதம், தேசிய சராசரி 11.4. நீண்டகாலச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் சிறுநீரகம் கெடுவதற்கு முதல் காரணங்கள். இவை போதாதென்று, வெயிலில் வேலை செய்யும் உடல்களிலிருந்து இன்னொரு செய்தியும் வந்திருக்கிறது. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடையே நடத்தப்பட்டு 2025-இல் வெளியான ஆய்வில், 3,350 பேரில் சுமார் 5 சதவீதத்தினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரையோ அழுத்தமோ போன்ற வழக்கமான காரணம் எதுவுமில்லை. நிலக்கோட்டையில் பூப் பறிப்பவர்களும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் விளைவிப்பவர்களும், வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் வேலை செய்பவர்களும் இந்த வெயிலுக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் வெளியே இல்லை. நகரைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீர் கெட்ட கதை இங்கே எல்லோரும் அறிந்தது. அது சிறுநீரகத்தை எவ்வளவு பாதித்தது என்பது தனியாக ஆராயப்பட வேண்டிய கேள்வி. இங்கே அதற்குள் போகவில்லை.

சிறுநீரகம் கெட்டவர் கடைசியில் டயாலிசிஸுக்குத்தான் போவார் என்பது பொதுவான நினைப்பு. உண்மையில், ஆரம்ப, நடுக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளில் டயாலிசிஸ் வரை போகிறவர்களைவிட, அதற்கு முன்பே மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறப்பவர்களே அதிகம். சிறுநீரகம் தளரத் தளர ரத்தக் குழாய்கள் வேகமாகத் தடிக்கின்றன. ஆகவே கொழுப்பு மாத்திரை இவர்களுக்கு உயிரைக் காக்கும் மருந்து. இதற்கு நேரடிச் சான்று 2011-இல் லான்செட் இதழில் வந்த ஷார்ப் ஆய்வு. சிறுநீரக நோயாளிகள் 9,270 பேர். அவர்களில் 3,023 பேர் டயாலிசிஸில் இருந்தவர்கள். ஒரு பாதியினருக்குச் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமும், எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மருந்து 10 மில்லிகிராமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக் குழாய் அடைப்புக்கான சிகிச்சை ஆகியவை 17 சதவீதம் குறைந்தன. சிறுநீரகம் கெடும் வேகம் மட்டும் குறையவில்லை. இந்த மாத்திரை காப்பது இதயத்தை; சிறுநீரகத்தை மீட்கும் என்று எந்த நோயாளியிடமும் சொல்லிவிடக் கூடாது.

இதை அடிப்படையாக வைத்துத்தான் கே-டிகோ என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டுக் குழு 2013-இல் ஒரு தெளிவான நிலைப்பாட்டை எடுத்தது. டயாலிசிஸில் இல்லாத, 50 வயதைக் கடந்த சிறுநீரக நோயாளி எவருக்கும், கொழுப்பின் அளவு எதுவானாலும், ஸ்டாட்டின் கொடுக்கலாம். 18 முதல் 49 வயதுக்குள் இருப்பவருக்கு நீரிழிவோ, இதய நோயோ, முன்பு வந்த பக்கவாதமோ, அல்லது அடுத்த பத்து ஆண்டில் மாரடைப்பு வரும் வாய்ப்பு 10 சதவீதத்துக்கு மேலோ இருந்தால் கொடுக்கலாம். சர்க்கரை இல்லாத 35 வயது கூலித் தொழிலாளிக்குக் கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் இந்த மாத்திரையைத் தொடங்க வேண்டியதில்லை. எந்த அளவு என்ற கேள்விக்கு அக்குழு, சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்ட அளவுகளை மட்டும் பட்டியலிட்டது: அட்டோர்வாஸ்டாட்டின் 20, ரோசுவாஸ்டாட்டின் 10, சிம்வாஸ்டாட்டின் 40, பிட்டாவாஸ்டாட்டின் 2 மில்லிகிராம் என்று. பட்டியலில் எங்கேயும் ரோசுவாஸ்டாட்டின் 40 இல்லை.

இந்த மருந்துகளுக்குள் வேறுபாடு ஏன் என்றால், அவை உடலை விட்டு வெளியேறும் வழி வேறு. அட்டோர்வாஸ்டாட்டின் கல்லீரலில் உடைந்து பித்தத்தோடு போய்விடுகிறது. சிறுநீரில் வெளியேறுவது 2 சதவீதத்துக்கும் குறைவு. எனவே சிறுநீரகம் எந்த நிலையில் இருந்தாலும் அளவை மாற்ற வேண்டியதில்லை. ரோசுவாஸ்டாட்டினில் சுமார் 10 சதவீதம் சிறுநீர் வழியாகப் போகிறது. பார்க்கச் சிறிய பங்குதான். ஆனால் சிறுநீரகம் கடுமையாகத் தளர்ந்தவரின் ரத்தத்தில் இம்மருந்து ஆரோக்கியமானவரைப்போல மூன்று மடங்கு தேங்குகிறது. அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அங்கீகாரக் குறிப்பு, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (நிமிடத்துக்கு மில்லிலிட்டர் கணக்கில்) 30-க்குக் கீழே இறங்கி டயாலிசிஸில் இல்லாதவருக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி 10-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. ஐரோப்பியக் குறிப்பு இன்னும் கடுமை: 60-க்குக் கீழே இருந்தாலே 40 மில்லிகிராம் கூடாது, 30-க்குக் கீழே இம்மருந்தே கூடாது. இவற்றோடு நமக்கென்று ஒரு பாரமும் உண்டு. சிங்கப்பூரில் சீனர், மலாய் மக்கள், இந்திய வம்சாவளியினர், வெள்ளையர் ஆகியோரை ஒப்பிட்டு 2005-இல் வந்த ஆய்வில், ஒரே அளவு ரோசுவாஸ்டாட்டின் இந்திய உடலில் வெள்ளையரைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு சேர்ந்தது. ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்லும் அறிவுரையும், ஆசியர்களுக்கு 40 கூடாது என்ற ஐரோப்பிய விலக்கும் இத்தகைய அளவீடுகளிலிருந்து வந்தவையே. தளர்ந்த சிறுநீரகமும் இந்திய மரபும் ஒரே உடலில் சேரும்போது, சீட்டில் எழுதிய 20 ரத்தத்தில் எத்தனையாக நிற்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

தேங்கினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் 9 லட்சத்துக்கும் அதிகமானோரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2022-இல் வெளியான ஆய்வில், அட்டோர்வாஸ்டாட்டின் எடுத்தவர்களைவிட ரோசுவாஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் சிறுநீரில் ரத்தம் 8 சதவீதமும், புரதம் 17 சதவீதமும், டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும் நிலை 15 சதவீதமும் அதிகமாக இருந்தன. அதைவிடக் கவலை தருவது, சிறுநீரகம் கடுமையாகத் தளர்ந்திருந்தவர்களில் 44 சதவீதத்தினருக்கு அனுமதிக்கப்பட்ட 10 மில்லிகிராமுக்கு மேல் எழுதப்பட்டிருந்தது என்பது. கணினிப் பதிவும் எச்சரிக்கை மணியும் உள்ள மருத்துவமனைகளிலேயே இந்த நிலை. பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்துச் சொல்வதில் பிழை கலந்திருக்கலாம், தனி ஒருவருக்குக் கூடும் ஆபத்து சிறியது என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் முறையாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்தப்பட்ட பிளானெட் சோதனைகளும் அதே திசையைத்தான் காட்டின: சிறுநீரில் புரதம் போகும் நோயாளிகளில் அட்டோர்வாஸ்டாட்டின் 80 புரதத்தைக் குறைத்தது; ரோசுவாஸ்டாட்டின் குறைக்கவில்லை; அதன் 40 மில்லிகிராம் எடுத்தவர்களின் வடிகட்டும் திறன் கூடுதலாகச் சரிந்தது. சமமான பலனைச் சிறுநீரகத்தை நம்பாமலேயே தரும் இன்னொரு மருந்து பக்கத்து அலமாரியில் இருக்கும்போது, சிறிய ஆபத்தையும் ஏன் சுமக்க வேண்டும்?

சிறுநீரகத்தின் எண் என்று சொல்கிறோமே, அந்த எண்ணே நம் ஊர் உடல்களில் நம்மை ஏமாற்றக்கூடியது. இந்தக் கேள்வியில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி இதுதான். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தவருக்கு, சிறுநீரகம் பாதி செத்தும் கிரியாட்டினின் பெரிதாக ஏறாது. 65 வயது, 45 கிலோ எடை, கிரியாட்டினின் 1.4 உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ரெட்டியார்சத்திரத்திலோ நத்தத்திலோ களையெடுத்துப் பிழைக்கும் யாராகவும் இருக்கலாம். '1.4 தானே, கொஞ்சம்தான் கூட' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். லேப்கள் இப்போது பயன்படுத்தும் 2021-ஆம் ஆண்டு சூத்திரத்தில் போட்டால் அவருடைய வடிகட்டும் திறன் சுமார் 42. எடையையும் கணக்கில் எடுக்கும் பழைய காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டால் சுமார் 28. முதல் கணக்கில் அவர் நடுத்தர நோயாளி. இரண்டாவதில் கடும் நோயாளி. முதலாவது 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புள்ள ஒருவரை மனதில் வைத்துச் சொல்வது. இந்தப் பெண்ணின் உடற்பரப்பு அதைவிட வெகுவாகக் குறைவு. ஒரு கணக்கின்படி ரோசுவாஸ்டாட்டினைச் சிறிய அளவில் தொடங்கலாம், மற்றதன்படி ஐரோப்பாவில் அதைத் தொடவே கூடாது. எந்தக் கணக்கு சரி என்று நிபுணர்கள் வாதிடட்டும். அட்டோர்வாஸ்டாட்டின் 10 அல்லது 20 எழுதினால் இந்த வாதத்தின் முடிவுக்கு அந்தப் பெண் காத்திருக்க வேண்டியதே இல்லை. கணக்கில் பிழை வந்தாலும் பிழையாகாத சிகிச்சை என்பது, சிறுநீரக நிபுணரைப் பார்க்க மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும் ஊர்களுக்கு மிகவும் பெரிய விஷயம்.

வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பது இதய மருத்துவர்களின் நிலைப்பாடு. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட சிறுநீரக நோயாளியை மிக அதிக ஆபத்துள்ளவராக வகைப்படுத்தி, எல்.டி.எல். 55-க்குக் கீழே வர வேண்டும் என்கிறது. நடுத்தர அளவை எழுதி, திரும்ப அளக்கவும் வேண்டாம் என்று 2013-இல் சொன்ன கே-டிகோவும் 2024-இல், முடிந்தவரை எல்.டி.எல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் சார்ந்த சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. டி.என்.டி. ஆய்வில் இதய நோயோடு சிறுநீரகத் தளர்ச்சியும் இருந்த 3,107 பேரில், அட்டோர்வாஸ்டாட்டின் 10-ஐவிட 80 எடுத்தவர்களுக்கு இதய நிகழ்வுகள் 32 சதவீதம் குறைந்தன. அப்படியிருக்க, நடுத்தர அளவு போதும் என்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம் ஆகாதா?

இந்த எதிர்வாதத்தின் பாதியை ஏற்க வேண்டும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு, சிறுநீரகம் மிதமாகத் தளர்ந்திருந்தால், அட்டோர்வாஸ்டாட்டின் 40, 80 கொடுப்பதற்குத் தடையில்லை. 32 சதவீதம் என்ற பலனும் அந்த மருந்தில் வந்தது, ரோசுவாஸ்டாட்டினில் அல்ல. நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு உடனே கொடுப்பதற்காகத் தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் 14 மாத்திரைகளில் 8 மாத்திரைகள் அட்டோர்வாஸ்டாட்டின் 10. மொத்தம் 80 மில்லிகிராம். சிறுநீரக நோயாளிக்கும் அதைத் தயங்காமல் கொடுக்கலாம். ஏற்க முடியாத பாதி எதுவென்றால், எண்ணைக் குறைப்பதற்காக அளவை ஏற்றிக்கொண்டே போவது. ஸ்டாட்டினின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாகக் குறைவது சுமார் 6 சதவீதம்தான். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துவிடுகிறது. 20-லிருந்து 80-க்குப் போய்க் கிடைக்கும் 12 சதவீதத்தைவிட, 20-உடன் எசெட்டிமைப் 10 சேர்த்தால் கிடைப்பது அதிகம். எசெட்டிமைப்புக்கும் சிறுநீரகத்துக்காக அளவு மாற்றம் தேவையில்லை. ஷார்ப் ஆய்வில் 9,270 பேரிடம் இந்தச் சேர்க்கை சோதிக்கப்பட்டும் இருக்கிறது. இலக்கு 55 என்றால் அங்கே போகும் பாதுகாப்பான வழி இதுவே. ஊசியாகப் போடும் புதிய மருந்துகள் சிறுநீரகத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அவற்றின் விலை இந்த ஊர் நோயாளிகளில் மிகச் சிலருக்கே எட்டும்.

அளவைவிட அபாயமானது சேர்க்கை. இந்தியர்களின் ரத்தத்தில் டிரைகிளிசரைடு அதிகம், நல்ல கொழுப்பு குறைவு. சிறுநீரகம் தளர்ந்தால் டிரைகிளிசரைடு இன்னும் ஏறும். ரிப்போர்ட்டில் 280 என்று பார்த்ததும் ரோசுவாஸ்டாட்டின் 10-உம் டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபீனோஃபைப்ரேட் 160-உம் சேர்ந்த ஒரே மாத்திரை எழுதப்படுவது உண்டு. ஃபீனோஃபைப்ரேட் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவது. மிதமான தளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் தொடங்க வேண்டும். கடும் தளர்ச்சியில் கொடுக்கவே கூடாது. அது தானாகவே கிரியாட்டினினையும் ஏற்றும். நோய் முற்றிவிட்டது என்று குடும்பமே கலங்கிப்போகும். இவ்வளவு தொல்லைக்கும் பலன் உண்டா? 2010-இல் வந்த அக்கார்ட் ஆய்வில் நீரிழிவு நோயாளிகள் 5,518 பேரிடம் ஸ்டாட்டினோடு ஃபீனோஃபைப்ரேட் சேர்த்ததால் மாரடைப்பு குறையவில்லை. 2022-இல் வந்த பிராமினென்ட் ஆய்வில் புதிய வகை ஃபைப்ரேட்டும் தோற்றது. சிறுநீரகத் தொல்லைகள் அதில் கூடின. ஒட்டிப்பிறந்த மாத்திரைகளில் ஒரு பாதியை மட்டும் குறைக்க முடியாது என்பதாலேயே சிறுநீரக நோயாளியின் சீட்டில் இந்தக் கூட்டு மாத்திரைக்கு இடமில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இதேபோல், அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுப்பவர் சிம்வாஸ்டாட்டினில் 20-ஐத் தாண்டக் கூடாது. யூரிக் அமில மூட்டு வலிக்குத் தரும் கோல்சிசினும், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டாட்டினோடு சேரும்போது தசையைத் தாக்கலாம். தசை நார் சிதைந்தால் அந்தச் சிதைவே சிறுநீரகத்தில் போய் அடைக்கும். 2001 ஆகஸ்டில் செரிவாஸ்டாட்டின் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது இந்தத் தசைச் சிதைவு மரணங்களால்தான். அவற்றில் பல, ஜெம்ஃபைப்ரோசில் என்ற ஃபைப்ரேட்டோடு அது சேர்ந்ததால் நேர்ந்தவை.

இவ்வளவும் படித்த ஒருவர், அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடுவதே நல்லது என்று நினைத்துவிடக் கூடும். அதுதான் பெரிய ஆபத்து. 'கிட்னிக்கு ஆகாது' என்ற ஒரு சொல்லில் எல்லா மாத்திரைகளும் ஒன்றாகிவிடுகின்றன. கால் வலித்தால் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, வலிக்கு ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்வதில், இதயத்தைக் காத்த மருந்து போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து உள்ளே வருகிறது. தசை வலி உண்மைதான். ஆனால் அது எல்லாம் ஸ்டாட்டினால் வந்ததல்ல. 2020-இல் வந்த சாம்சன் ஆய்வில், ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேருக்கு மாறிமாறி ஸ்டாட்டினும் வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். உணர்ந்த தொல்லையில் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. உண்மையிலேயே தசை பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் காண, தசைச் சிதைவைக் காட்டும் ஒரு சி.கே. பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் போதும். வலி கடுமையாகி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் மட்டும் அன்றே நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு விடை வேறு. ஜெர்மனியில் நீரிழிவோடு டயாலிசிஸில் இருந்த 1,255 பேரிடம் அட்டோர்வாஸ்டாட்டின் 20 சோதிக்கப்பட்ட 4டி ஆய்வும் (2005), 2,776 பேரிடம் ரோசுவாஸ்டாட்டின் 10 சோதிக்கப்பட்ட அரோரா ஆய்வும் (2009) குறிப்பிடத்தக்க பலனைக் காட்டவில்லை. அந்தக் கட்டத்தில் இதயம் நிற்பது பெரும்பாலும் கொழுப்பு அடைப்பால் அல்ல; தடித்த இதயத் தசை, சுண்ணாம்பேறிய குழாய்கள், ஏறி இறங்கும் பொட்டாசியம், உடலில் தேங்கும் நீர் ஆகியவற்றால். எனவே கே-டிகோ சொல்வது: டயாலிசிஸில் புதிதாகத் தொடங்க வேண்டாம், ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் தொடரலாம். இதைச் சொல்லும்போதே ஒரு கணக்கு தெளிவாகிறது. பலன் கிடைக்கும் காலம் முன்னால் இருக்கிறது, கிரியாட்டினின் 1.4 என்று சொல்லி அனுப்பிவிடும் அந்த வருடங்களில். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு ஸ்டாட்டின் உண்டு; ஆனால் சைக்ளோஸ்போரின் எடுப்பவருக்கு ரோசுவாஸ்டாட்டின் 5-ஐத் தாண்டக் கூடாது, அட்டோர்வாஸ்டாட்டினைத் தவிர்ப்பது நல்லது. இந்த முடிவை அறுவை செய்த மையத்தைக் கேட்காமல் யாரும் எடுக்கக் கூடாது.

முன்னால் இருக்கும் அந்த வருடங்களைப் பிடிக்கத் தேவையானவை ஏறத்தாழ எல்லாமே நம்மிடம் இருக்கின்றன. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அட்டோர்வாஸ்டாட்டின் இருப்பதால் அதன் விலைக்கு உச்சவரம்பு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே சர்க்கரை, அழுத்த மாத்திரைகளைக் கொண்டுவருகிறது. சிறுநீரில் புரதம் பார்க்கும் சோதனையை 2023-இல் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுவந்தது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி இளம் மருத்துவர்களைப் பயிற்றுவிக்கிறது. குறைவது ஒரு வரி: நோயாளியின் கைப்புத்தகத்தில் எடையும் வடிகட்டும் திறனும் எழுதப்பட்டு, லேப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினினுக்குப் பக்கத்திலேயே அது அச்சாகி, மாத்திரை கொடுப்பவரின் கண்ணில் பட வேண்டும். 50 வயதைக் கடந்து, சிறுநீரில் புரதமோ ரத்தத்தில் கிரியாட்டினினோ கூடியிருக்கும் ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை போகும் அதே பையில் அட்டோர்வாஸ்டாட்டின் 20-உம் போக வேண்டும். ரோசுவாஸ்டாட்டின் 20, 40 எழுதிய பழைய சீட்டோடு வருபவரை, அடுத்த அட்டையை வாங்குவதற்கு முன்பு, ஒருமுறை கிரியாட்டினின் பார்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டும்.